அரிசி டின்னும் மூன்று மாத ஸ்டேட்மென்ட்டும்

போன வாரம் மதுரை சிம்மக்கல் அரிசிக் கடையில் போனில் காசு அனுப்பிவிட்டு, ரசீதுக்காக நின்றுகொண்டே இருந்தேன். கல்லா மேலிருந்த சின்னப் பெட்டி நான் கொடுத்த தொகையைத் தெருவுக்கே கேட்கும்படி அறிவித்து முடித்திருந்தது. “அண்ணே, அதான் வந்துருச்சுன்னு கத்துதுல்ல. இன்னும் என்னத்துக்கு நிக்கிறீங்க?” என்றார் கடைக்காரர். என்னத்துக்கு என்று எனக்கும் தெரியவில்லை. காசு கைமாறுவதைக் கண்ணால் பார்க்காமல் எனக்குக் கால் நகராது, பழைய வியாதி. போதாததற்கு, பிரித்த மூட்டையிலிருந்து புது அரிசி வாசம். உங்களுக்கு அது பொங்கலை நினைவூட்டலாம். எனக்குப் பவுண்டு நோட்டுகள்தான் ஞாபகம் வருகின்றன.

காரணத்தைச் சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. கல்யாணமான நாற்பதாம் நாள் செல்வியை மதுரையில் விட்டுவிட்டு, இங்கிலாந்தின் வடக்கே மழையும் செம்மறி ஆடும் மிகுந்த ஓர் ஊருக்கு வேலைக்குப் போனேன். கேஸ், கரண்ட், தண்ணீர் என்று ஆளுக்கொரு தாள் அனுப்பினார்கள். படித்தவன் என்ற மிதப்பில் படிக்காமலே எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டேன். முதல் சம்பளம் வந்தது. நான்கு நாளில் கால்வாசியைக் காணோம். ஒருவரும் கதவைத் தட்டவில்லை. மதுரையில் கரண்ட் பில் என்றால் நாமே போய், வரிசையில் நின்று, முன்னால் நிற்பவரோடு சண்டை போட்டுக் கட்டுவோம். அங்கே பணம் தானாகக் கிளம்பிப் போய்விடுகிறது. வங்கியில் போய்க் கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண், மாதாமாதம் கணக்கிலிருந்து அவர்களே எடுத்துக்கொள்ளலாம் என்ற தாள்களில் என் கையெழுத்தை எனக்கே காட்டினாள். அழகாகத்தான் போட்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் மூளையை உபயோகித்ததுதான் தவறு. சம்பளம் வந்த அன்றே மொத்தத்தையும் எடுத்து அரிசி டின்னுக்குள் புதைத்தேன். வாடகையைக் கையில் கொடுத்தேன். மற்றவர்கள் நேரில் வரட்டும், பில்லைக் காட்டட்டும், தருகிறேன். யாரும் வரவில்லை, கடிதங்கள் வந்தன. ‘கணக்கில் பணமில்லை, வருந்துகிறோம்’ என்று மரியாதையாக எழுதி, வருந்தியதற்கும் ஒரு கட்டணம் போட்டிருந்தார்கள். அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். வார்த்தைகள் புரிந்தன.

இதற்கிடையில் செல்வி போனில், “நாள் தள்ளிப்போயிருக்குங்க” என்றாள். “பிள்ள பொறக்கயில நீங்க பக்கத்துல இருக்கணும். சீக்கிரம் கூப்புட்டுக்கங்க.” விசாவுக்கு மூன்று மாத பேங்க் ஸ்டேட்மென்ட் வேண்டும் என்றார்கள். சரி, மூன்று மாதம் ஓடட்டும் என்று இருந்தேன். டின் நிறைந்துகொண்டிருந்தது.

கடைசியில் ஸ்டேட்மென்ட்டை வாங்கிப் பார்த்தவன், கூட வேலை பார்த்த கீழக்குயில்குடி பாண்டி. “மாப்ள, இது பேங்க் கணக்கா, ஓட்டப் பானையா? காலையில ஊத்துன சம்பளம் சாயங்காலம் இல்ல. கட்டாத பில்லு வேற வரிசையா நிக்குது. இத நம்பி எவன்டா பொண்டாட்டிய அனுப்புவான்?”

“காசு இருக்குடா. அம்புட்டும் டின்னுல இருக்கு.”

“அப்ப டின்னுகிட்டயே போயி விசா கேளு.”

டின்னைக் கவிழ்த்தேன். வங்கியில் நோட்டுக்கட்டை நீட்டியபோது அரிசி உதிர்ந்தது. கூடவே ஒரு வண்டும் இறங்கி, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடந்து போனது. இவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று அதே பெண் கேட்டாள். “உங்களிடமிருந்துதான்” என்றேன். மேனேஜர் வந்தார். ஒருவழியாக வாங்கிக்கொண்டார்கள். ஆனால் திடீரென்று மொத்தமாக விழும் பணத்தை விசாக்காரர்கள் சந்தேகப்படுவார்கள், மறுபடி மூன்று மாதம் கணக்கு ஒழுங்காக ஓட வேண்டும் என்றான் பாண்டி. அதற்குள் செல்விக்கு எட்டாம் மாதம் ஆகிவிடும். விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்.

செல்வியிடம் சொன்னேன். சுரண்டிப் பேசும் காலிங் கார்டு தீர்ந்துகொண்டிருந்தது. “அரிசிக்குள்ள வச்சா மொளைக்கும்னு நெனச்சீங்களா?” என்றாள். சிரிக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

மகள் மதுரையில் பிறந்தாள். ஆறு மாதம் கழித்து இருவரும் அங்கே வந்து இறங்கியபோது, விமான நிலையத்தில்தான் அவளை முதலில் பார்த்தேன். யாரோ ஓர் ஆள் தூக்க வருகிறான் என்று வீறிட்டாள். நியாயம்தான்.

அந்த வங்கிக் கிளை இருந்த இடத்தில் இப்போது சலூன் என்று பாண்டி சொன்னான். காகித ஸ்டேட்மென்ட்டும் இல்லை, சுரண்டிப் பேசும் கார்டும் இல்லை. மகளைப் பார்க்காத அந்த மாதங்களின் தாள்கள் மட்டும் என்னிடம் இருக்கின்றன. ஒரு பில்கூடத் தவறவில்லை. மகள் முதன்முதலாகக் குப்புற விழுந்தது என்றைக்கு என்று செல்வியைக் கேட்டால் சொல்வாள். அன்றைக்குக் கேஸுக்கு எவ்வளவு போயிற்று என்று என்னால் சொல்ல முடியும்.