சீலுக்கும் சிட்டுக்கும் பொருத்தம்

போடியில் எனக்கு ஒரு பெண் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு சின்னமனூரில் எங்கள் வீட்டுக்கு வந்த கல்யாணத் தரகர், மீசைக்கு மட்டும் கறுப்புச் சாயம் பூசியிருந்தார். தலை பஞ்சாக வெளுத்திருந்தது. எதைப் பார்த்தாலும் ஜோடி சேர்த்துவிடுவது அவர் வழக்கம். வாசலில் நின்ற டிராக்டரையும் பக்கத்து வீட்டு ஸ்கூட்டியையும்கூட, "தோதான சோடி" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

அம்மாவுக்குத் தயக்கம். "பொண்ணு ஒரு எடத்துல நிக்காதாம்ல. இவன் உக்காந்தா எந்திரிக்க மாட்டான். எப்படி ஒத்துவரும்?"

டிவியில் தமிழில் விளக்கம் சொல்லும் விலங்குப் படம் ஓடிக்கொண்டிருந்தது. கடற்கரையில் சிமெண்டு மூட்டைபோல யானை சீல் என்ற கொழுத்த கடல் விலங்கு ஒன்று கிடந்தது. அடுத்து, செம்மணித் தொண்டை ரீங்காரச்சிட்டு என்ற கட்டைவிரல் அளவுக் குருவி ஒன்று அந்தரத்தில் நின்றபடி பூவில் தேன் குடித்தது.

தரகர் சோபாவில் சாய்ந்து கிடந்த என்னையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்கன பாருங்காத்தா. சீலு மாசக்கணக்கா திங்காமக் கெடக்குமாம். குருவி நாளெல்லாம் தேன் குடிச்சுக்கிட்டே இருக்கணுமாம். ஆனா ரெண்டும் வருசா வருசம் ஆயிரக்கணக்கான மைலு போயிட்டு, பொறப்பட்ட எடத்துக்கே வந்து சேந்துருதாம். வீடு திரும்புற புத்தி ஒண்ணா இருந்தாப் போதும். உங்க மகன் சீலு, பொண்ணு குருவி."

அம்மா சம்மதித்துவிட்டார்.

கல்யாணத்துக்குப் பிறகு இதை மனைவியிடம் சொன்னேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "எங்க வீட்டுல சீலுப் பேச்சே இல்லையே. மாப்பிள்ளையும் குருவிதான்னுல்ல தரகரு சொன்னாக" என்றாள்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இந்த உடம்பை நேரில் பார்த்த பிறகும் என்னைக் குருவி என்று சொன்னவர் அவர் ஒருவர்தான்.