ஒரு விரற்கடை

பஸ் ஸ்டாண்டில் திண்டிவனம் வண்டிக்குக் காத்திருக்கும்போது நீலாவதி யார் முகத்தையும் பார்ப்பதில்லை, முதுகைத்தான் பார்ப்பார். "அதோ போறாரே, தாலுக்கா ஆபீசு குமாஸ்தா. கழுத்து முன்னாடி போவுது, உடம்பு பின்னாடி வருது பாரு" என்பார். அந்தக் குமாஸ்தா பல சமயம் அவருடைய கணவர் உத்திராபதியாகவே இருப்பார். காதில் விழுந்ததும் மனிதர் சிரித்தபடி நிமிர்வார். நாலு அடி போனதும் கழுத்து பழையபடி முன்னே போய்விடும்.

நீலாவதிக்கு நாற்பத்திரண்டு வயது. திருவண்ணாமலையில் சித்தி வீட்டில் தங்கி ஆறு வருஷம் நாட்டியம் கற்றவர். செஞ்சிக் கடைத்தெருவில், சம்பந்தத்தின் கடலை மண்டி மாடியில் எட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தந்தார். மாடியில் பாதி மூட்டை, பாதி நாட்டியம். வீட்டுக்குப் போகும் பிள்ளைகளின் பாதத்தில் கடலைத் தோல் ஒட்டியிருக்கும்.

முதல் ஆறு மாதம் அவரிடம் அரைமண்டி மட்டும்தான். முழங்கால்களைப் பக்கவாட்டில் மடக்கி, முதுகு வளையாமல் பாதி உட்காரும் நிலை அது. "கை அப்புறம் வரும், கண்ணு அப்புறம் வரும். மொதல்ல குந்து." முட்டி வலிக்கிறது என்று அழும் பிள்ளையிடம், "எனக்கு மட்டும் இனிக்குதா?" என்று கேட்டுவிட்டுத் தாமும் கூடவே இறங்குவார். பலகையில் உட்கார்ந்து அதட்டுகிற வழக்கம் அவருக்கு இல்லை. எதிரே நின்றால் இடமும் வலமும் குழம்பும் என்று பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி முன்னால் நிற்பார். அவர்கள் அந்த முதுகைப் பார்த்து அப்படியே செய்வார்கள்.

அந்த 'அப்படியே'தான் அறுபத்து நாலாம் வருஷம் மாசி மாதத்தில் வினையாயிற்று. பெண்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. பள்ளியின் தையல் டீச்சர் ரோஸ்மேரி நாட்டியப் பாவாடைக்கு அளவெடுக்க மாடிக்கு வந்தாள். பிள்ளைகளை அரைமண்டியில் நிறுத்தி, தரையிலிருந்து பாவாடை விளிம்புவரை அடிக்கோலை வைத்துப் பார்த்தாள். இரண்டாம் முறையும் பார்த்தாள். கோலை மாற்றிக்கொண்டு மூன்றாம் முறையும் பார்த்தாள்.

"அக்கா, இடது பக்கம் ஒரு விரக்கடை தூக்கிக்கினு இருக்குது. எட்டுப் பேருக்கும். ஒருத்திக்குன்னா பிள்ளை கோணல்னு வுட்டுடலாம். எட்டுப் பேருக்கும்னா…" ரோஸ்மேரி நூலைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.

"வாத்தியார் கோணல். சொல்லு, அதுக்கு ஏன் நூலை முழுங்கறே? என்னை அளந்து பாரு."

அளந்தாள். ஒன்றரை விரற்கடை.

கல்யாணமான நாளிலிருந்து பொதுக்கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக இடது இடுப்பில் சுமந்தவர் நீலாவதி. குடம் இறங்கிய பிறகும் இடுப்பு இறங்கவில்லை. ஊரார் முதுகையெல்லாம் படித்தவருக்குத் தம் இடுப்பு தெரியாமல் போயிற்று. அன்று ஜதியை நிறுத்தி, பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

மறுநாள் சம்பந்தத்திடம் போய், விழாவில் ஆட்டம் இல்லை, எல்லாரும் முதலிலிருந்து தொடங்கப்போகிறோம் என்றார். சம்பந்தத்தின் மகள் மனோரமாதான் ஆட்டத்தில் நடுவில் நிற்பவள்.

"இன்னாம்மா நீ, ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். வர்றவங்க இடுப்பை அளக்கவா வராங்க? பாவாடையை இடது பக்கம் கொஞ்சம் இறக்கித் தைக்கச் சொல்லு. ஒருத்தனுக்கும் தெரியாது."

"தெரியாதுங்க. தைக்கவும் முடியும், டீச்சரம்மாவைக் கேட்டுட்டேன். பாவாடை ஒரு நாளைக்கு மறைக்கும். இந்தப் பொண்ணு நாளைக்கு நாலு பேருக்குச் சொல்லிக் குடுத்தா அதுங்களும் கோணிக்கினு நிக்கும்."

"அப்ப எனக்கும் மூட்டை அடுக்க இடம் பத்தல. மாடி வேணும்."

"அடுக்கிக்குங்க" என்று சொல்லிச் சாவியை மேஜையில் வைத்தார்.

வீட்டில் உத்திராபதி மட்டும் கேட்டார்: "இத்தினி வருஷம் கட்டினதை ஒரு விரக்கடைக்காக இடிக்கணுமா?"

"இடிக்கல. கடைக்கால் கோணலு. மேல பூசி இன்னா பிரயோசனம்?"

உத்திராபதி புறக்கடைக்குப் போய், துவைக்கிற கல்லைக் கடப்பாரையால் நெம்பி ஓரமாகத் தள்ளினார். இடம் கொஞ்சம் அகலமாயிற்று. இனி வகுப்பு அங்கேதான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. எட்டுப் பேரும் வருவார்களா, ஒருவருமே வராமல் போவார்களா என்று நீலாவதிக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் மூன்று பேர் வந்தார்கள். சற்றுப் பொறுத்து இன்னும் ஒருத்தி. கடைசியாக மனோரமா, மூச்சு வாங்க.

"நைனா எடை போட்டுக்கினு இருக்காரு. ஆறு மணிக்குள்ள போயிடணும்."

"அப்ப வாயை மூடிக்கினு நில்லு."

நீலாவதி வழக்கம்போல முன்னால் போய் நிற்கவில்லை. அடிக்கோலோடு வந்திருந்த ரோஸ்மேரியை அங்கே நிறுத்திவிட்டுப் பின்வரிசைக்கு வந்து, மனோரமாவின் பக்கத்தில் இறங்கி அரைமண்டியில் நின்றார்.

"எது தூக்கியிருக்குது, பாத்துச் சொல்லுடி."

மனோரமா பார்த்தாள். வாத்தியாரம்மாவைத் தொட்டுத் திருத்துவது எங்கேயும் கேள்விப்படாத சங்கதி. அவள் கை பாதி தூரம் வந்து காற்றிலேயே நின்றது. நீலாவதி நிலை கலையாமல் அந்தக் கையை எட்டிப் பிடித்து, தம் இடது இடுப்பின் மேல் வைத்து, கீழே அழுத்தினார்.