தலையை மூடாமல் ஓடு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் சும்மா ஓடுவதில்லை. ஒருவர் ஓடினால் ஒன்று எங்கோ சாவு விழுந்திருக்கும், இல்லையென்றால் குளவி கலைந்திருக்கும். இருபத்தெட்டு வயதில் நான் மூன்றாவதாக ஒரு காரணத்தைக் கொண்டுவந்தேன். அதற்காக வாங்கிய பேச்சை இன்றுவரை மறக்கவில்லை.

அக்கரப்பத்தனையில் எங்கள் லயத்து வரிசை வீட்டு வாசலில் நின்றால் எதிரே ஓர் உயர்ந்த மலை தெரியும். பல் துலக்கிக்கொண்டே அதைப் பார்த்து வளர்ந்தேன், ஒருநாளும் ஏறியதில்லை. அட்டனில் நான் வேலை செய்யும் மருந்துக் கடைக்கு வரும் சிலர் குழுவாக அந்த மலைக்குப் போகிறார்கள் என்று தெரிந்ததும் என்னையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். குழுவை நடத்துபவர் ஒரு நிபந்தனை வைத்தார். ஐந்து கிலோமீற்றர் நிற்காமல் ஓடிக் காட்டவேண்டும்.

“ஒங்களுக்கென்ன, தோட்டத்துப் புள்ள. பொறந்ததுல இருந்து மலைதானே” என்று சிரித்தார் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏழு வருடமாகக் கடைக்குள்ளேயே நிற்பவளின் காலுக்கு மலை எங்கிருந்து வரும்? முதல் நாள் கோயில் வளைவு வருவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

விடவில்லை. விடிந்ததும் தோட்டத்து ரோட்டில் ஓடிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். ஒரு மாதத்தில் கோயில் வளைவைத் தாண்டி, கொழுந்து நிறுக்கும் மடுவம் வரை மூச்சு தாக்குப்பிடித்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, கடை லீவு. தூங்கி எழுந்து பிந்தித்தான் கிளம்பினேன். தூறல். மழைக்கோட்டின் தொப்பியை முகம்வரை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். மேலே அம்மாவும் மற்றப் பெண்களும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். குளவி துரத்தினால் தலையையும் முகத்தையும் கையில் கிடைத்த துணியால் மூடிக்கொண்டு ஓடுவதுதான் எங்கள் வழக்கம். சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரிந்த விஷயம். அன்று பார்த்துப் புத்தி மழுங்கிவிட்டது.

“கொளவி! கொளவி!” என்று மேலே ஒரு குரல்.

கொழுந்துப் பைகளைப் போட்டுவிட்டு அத்தனை பெண்களும் சரிவில் பாய்ந்து இறங்கினார்கள். சத்தம் கேட்டு நானும் உண்மையாகவே ஓடத் தொடங்கினேன். அம்மாவுக்கு ஐம்பத்துமூன்று வயது. இடுப்பைச் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கு, காலில் ரப்பர் செருப்பு. ஒரு மாதம் பயிற்சி எடுத்த என்னை அநாயாசமாகப் பிடித்து, என் கையையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். மடுவத்தின் முன்னால் தடுக்கி விழுந்தாள். முழங்கால் கிழிந்து இரத்தம் கொட்டியது.

திரும்பிப் பார்த்தால் ஒரு குளவிகூட இல்லை. நான்தான் இருந்தேன், தொப்பியும் தலையுமாக.

தேயிலை மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்.

“இது என்ன வெளையாட்டு மைதானமா? இனிமே தோட்டத்து ரோட்டுல நீ ஓடக்கூடாது.”

“பங்களாவுல தங்குற வெள்ளைக்காரங்க தெனமும் ஓடுறாங்களே, ஐயா?”

“அவங்க விருந்தாளிங்க.”

அப்படியானால் நான் யார்? கொழுந்து பறிக்கும் மேல் மலையின் பெரிய மரத்தில் குளவிக்கூடு ஒன்று மாதக்கணக்காகத் தொங்குகிறது. எடுக்கச் சொல்லிப் பெண்கள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். கூட்டை எடுக்க ஆள் கிடைக்கவில்லையாம். என்னை நிறுத்த மட்டும் ஐந்து நிமிடத்தில் ஆள் வந்துவிட்டது. அம்மாவின் முழங்காலை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. அதைவிட என்னை எரித்தது, அம்மா அந்தக் காலோடு எழுந்து நின்று சொன்னது: “மன்னிச்சுக்கங்க ஐயா, சின்னப் புள்ள.”

வீட்டில் காயத்தைக் கழுவிவிட்டபடி, மலையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கத்தினேன். அம்மா ஈரத் துணியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“வெள்ளைக்காரங்க தலைய மூடுறதில்ல. நீயும் மூடாம ஓடு. நாங்க பாத்துக்கிறோம்.”

அடுத்த செவ்வாய், தூறலில் தலை நனைய நனைய ஓடினேன். மடுவத்துக்கு அருகில் கண்டாக்கையா வண்டியைக் குறுக்கே நிறுத்தினார். வாயைத் திறப்பதற்குள் மேலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

“அது எங்க புள்ளதாங்க ஐயா! எங்களுக்குத் தெரியுது. நாங்க ஓடமாட்டோம், ஒங்க வேல கெடாது!”

பிறகு ஒவ்வொருத்தியாகக் கூவத் தொடங்கினார்கள். “ஓடு புள்ள, ஓடு!” அவர் மேலே பார்த்தார், என்னைப் பார்த்தார், வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். எனக்கு அழுகை வந்தது. ஆனாலும் மறுபடி ஓடினேன்.

ஐந்து கிலோமீற்றரையும் ஓடிக் காட்டினேன். மலையும் ஏறினேன். உச்சியில் மற்றவர்கள் படம் பிடித்துக்கொண்டிருக்க, நான் எங்கள் லயத்துக் கூரையைத் தேடிக்கொண்டிருந்தேன். மேகம்தான் தெரிந்தது.

திரும்பி வந்தபோது அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். முழங்காலில் தழும்பு கறுத்திருந்தது.

“அங்கன கொளவிக்கூடு இருந்துச்சா?”

“இல்லம்மா. ஒன்னுகூட இல்ல.”

“அப்புறம் எதுக்கு ஒன்ன ஓடிப் பழகச் சொன்னாங்க?” என்றாள் அம்மா.

எங்கள் மேல் மலையில் அந்தக் கூடு இன்னும் தொங்குகிறது.