நாகஜோதி திறந்துவிட்ட தண்ணீர்

நாகஜோதிக்கு அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம். கல்யாணமான மறுமாதமே கணவன் முனீஸுடன் திருப்பூருக்கு வந்துவிட்டாள். இருவருக்கும் ஒரே பனியன் கம்பெனியில் வேலை. அவன் கட்டிங், அவள் செக்கிங். தைத்து வரும் துணியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் எதுவாவது இருந்தால் ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். லாரி வாசலில் நிற்கிறது, பரவாயில்லை விடு என்று சூப்பர்வைசர் அவசரப்படுத்துவார். அவள் விடமாட்டாள். வேண்டுமானால் நீங்களே கையெழுத்துப் போட்டு அனுப்பிக்கொள்ளுங்கள் என்று துணியை அவர் பக்கம் நகர்த்திவிடுவாள். அதற்காக இரண்டு முறை வேலையை விட்டு நிறுத்தினார்கள். வேறு ஆள் சரிப்படாமல் இரண்டு முறையும் திரும்பக் கூப்பிட்டார்கள்.

குடியிருந்தது பெருமாள்சாமி என்பவரின் லைன் வீட்டில். எதிரும் புதிருமாகப் பன்னிரண்டு வீடுகள், நடுவில் பெரிய சிமென்ட் தொட்டி. குழாயில் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறைதான் வரும். அன்று தொட்டியை ரொப்பிக்கொண்டால் அடுத்த எட்டு நாளும் குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் அதுதான். தொட்டிக்கு மூடி கிடையாது.

2006இல் மழைக்காலம் தொடங்கும்போது அந்த லைனில் காய்ச்சல் புகுந்தது. ஒரே வாரத்தில் ஏழு வீட்டில் ஆள் படுத்தது. காய்ச்சல் மூன்று நாளில் விட்டாலும் மூட்டுவலி விடவில்லை. முந்தின வாரம்வரை மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூஸுக்குப் போனார்கள். சிக்குன்குனியா என்ற பேரை அப்போதுதான் முதலில் கேட்டார்கள். சிக்கனால் வருவதென்று நினைத்துக் கோழிக்கறியை நிறுத்தியவர்களும் உண்டு.

நாகஜோதி அப்போது நிறைமாதம். காய்ச்சலும் பிரசவ வலியும் அவளுக்கு ஒரே நாளில் வந்தன. அரசு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. எடை மூன்று கிலோ, நல்ல அழுகை. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். நாலாம் நாள் காலையில் குழந்தை மார்பில் வாய் வைக்க மறுத்தது. உடம்பு அனலாகக் கொதித்தது. கையும் காலும் வீங்கின. மத்தியானத்துக்குள் உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிட்டது.

பக்கத்து வீட்டு வேலாத்தாள் வந்து பார்த்துவிட்டு, "அம்மை வாத்திருக்குது கண்ணு. ஊசி கீசின்னு எங்கயும் தூக்கிட்டுப் போயிராதே. வேப்பந்தழை போட்டுப் படுக்க வை" என்றாள். அவள் நல்ல மனசோடுதான் சொன்னாள். நாகஜோதி குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆட்டோ பிடிக்க வெளியே போனாள்.

வழியிலேயே குழந்தைக்கு வலிப்பு வந்தது. திருப்பூரில் பார்த்தவர்கள் கோவைக்கு அனுப்பினார்கள். கோவையில் பச்சிளம் குழந்தைகள் வார்டில் இருந்த பெண் டாக்டர் எதையும் மறைக்கவில்லை. தாயின் ரத்தத்தில் இருந்த கிருமி பிரசவத்தின்போது குழந்தைக்கு இறங்கியிருக்கிறது, மூளைவரை போயிருக்கிறது, இதைக் கொல்லும் மருந்து என்று ஒன்று இல்லை என்றார். வலிப்பை அடக்கி, மூச்சுக்கு உதவி, உடம்பில் நீரும் பாலும் குறையாமல் பார்த்துக்கொள்வோம், மற்றதைக் குழந்தைதான் செய்ய வேண்டும் என்றார்.

பால் கொடுக்கலாமா என்று நாகஜோதி கேட்டாள். காய்ச்சல்காரி பால் விஷம் என்று வார்டுக்கு வெளியே யாரோ சொல்லியிருந்தார்கள். பாலால் இது பரவாது, பீய்ச்சிக் கொடுத்தால் மூக்குக் குழாய் வழியாக ஊற்றுவோம் என்றார் டாக்டர்.

அவள் விரல்கள் அப்போது மடங்கவே மடங்காது. ஒவ்வொரு கணுவும் வீங்கியிருந்தது. டம்ளரைப் பிடிக்கவே இரண்டு கையும் வேண்டும். அந்தக் கையால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால் பீய்ச்சினாள். முதல் நாள் ஒரு பாலாடைகூட நிறையவில்லை. வலியில் உதட்டைக் கடித்துக் கடித்து உதடு புண்ணாகிவிட்டது. நர்ஸ் இரங்கி, ஒரு வேளை மட்டும் விட்டுவிடச் சொன்னாள். நாகஜோதி அந்த வேளையும் பீய்ச்சினாள்.

ஆறாம் நாள் குழந்தையின் மூக்கும் கன்னமும் கரி பூசியதுபோல் கறுத்தன. கண் திறக்கவில்லை. ஊரிலிருந்து போனில் பேசியவர்கள் முனீஸிடம், பிழைக்காத பிள்ளையை ஆஸ்பத்திரியில் விட வேண்டாம், உயிர் போவதற்குள் ஊருக்குக் கொண்டுவந்துவிடு என்று சொல்லியிருந்தார்கள். அவன் வாசலில் நின்று அதை அழுதுகொண்டே சொன்னான்.

"நீங்க வேணா போங்க" என்றாள் நாகஜோதி. "அவ மூச்சு விட்டுக்கிட்டுதான இருக்கா. மூச்சு விடுற பிள்ளைய எதுக்குங்க புதைக்கத் தூக்கிட்டுப் போகணும்?"

முனீஸ் போகவில்லை. அன்று சாயங்காலமே அவள் குழந்தைக்கு ஜெயராணி என்று பேர் வைத்தாள். இந்த நிலைமையில் பேர் வைத்தால் பிறகு மனசு தாங்காது என்று பக்கத்தில் இருந்தவர்கள் தடுத்தார்கள். தாங்காவிட்டால் தாங்காமல் போகட்டும் என்றாள்.

பதினோராம் நாள் குழந்தை கண் திறந்தது. பத்தொன்பதாம் நாள் தானாகவே மார்பில் சப்பியது. இருபத்து மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள்.

கிளம்பும் முன் டாக்டர் அவளிடம், இது பகலில் கடிக்கும் கொசு, சாக்கடையில் அல்ல, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும் என்று சொல்லியிருந்தார். வந்த அன்றே நாகஜோதி தொட்டியில் ஒரு செம்பு மொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தாள். உள்ளே கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. மூடி போட வேண்டும் என்று பெருமாள்சாமியிடம் போய்ச் சொன்னாள். பார்க்கலாம் என்றார். மறுவாரமும் சொன்னாள். அதற்குள் லைனில் இன்னும் இரண்டு பேர் படுத்துவிட்டார்கள்.

தொட்டி நிறைந்த மூன்றாம் நாள் காலை அவள் தொட்டிக்குள் இறங்கி அடித்துளையில் சொருகியிருந்த கட்டையைப் பிடுங்கிவிட்டாள். தண்ணீர் மொத்தமும் வாசல் வழியாகத் தெருவுக்குப் போயிற்று. மற்ற பதினோரு வீட்டுக்காரர்களும் அவளைச் சூழ்ந்துகொண்டு திட்டினார்கள். பெருமாள்சாமி மொபெட்டில் வந்து இறங்கினார்.

"ஏனம்மிணி, இன்னும் அஞ்சு நாளைக்குத் தண்ணி வராதுங்க. இத்தனை பேரு என்ன பண்ணுவாங்க?"

"லாரித் தண்ணி வாங்கி ஊத்துங்க" என்றாள் நாகஜோதி. "மூடி போடாம எத்தன தடவ ரொப்புனாலும் அத்தன தடவையும் தொறந்து விடுவேன்."

அன்று அவளுக்காக யாரும் பேசவில்லை. ஆனால் காலியாகக் கிடந்த தொட்டிக்குள் முதலில் இறங்கியது வேலாத்தாள்தான். அவளுக்கும் முட்டிவலி. திட்டிக்கொண்டே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். நாலாம் நாள் தகர மூடி வந்தது. அடுத்த மாதம் பெருமாள்சாமி வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார். ஒரு மன்னிப்புக் கேட்டால் போதும் என்று முனீஸ் கெஞ்சினான். அவள் பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள்.

ஜெயராணியின் முகக் கறுப்பு ஆறு மாதத்தில் மறைந்தது. ஒரு வயதில் மறுபடி ஒருமுறை வலிப்பு வந்தது. இரண்டரை வயதில்தான் நடந்தாள், அதுவும் இடது காலை இழுத்து இழுத்து. 2009இல் பால்வாடியில் சேர்க்கக் கூட்டிப் போனபோது, நன்றாக நடக்கட்டும், பிறகு பார்ப்போம் என்றார் டீச்சர். நாகஜோதி சண்டை போடவில்லை. மகளை மடியில் வைத்துக்கொண்டு வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நாலு நாள் வேலைக்குப் போகாமல் தினமும் அங்கேதான் வந்து உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் மத்தியானம் டீச்சர் ஜெயராணிக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்தார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு போய்ப் பிள்ளைகளோடு உட்காரும்வரை நாகஜோதி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு இரண்டாம் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று பஸ் நிறுத்தத்துக்கு வேகமாக நடந்தாள்.