கால்வாயில் ஏற்றிய உப்பு

பக்கிங்காம் கால்வாய் ஆந்திராவில் தொடங்கி, சென்னை வழியாகக் கடலை ஒட்டியே வந்து எங்கள் மரக்காணத்தில் முடிகிறது. ஒரு காலத்தில் இங்கிருந்து உப்பும் விறகும் படகில் சென்னைக்குப் போயின. காற்று இருந்தால் பாய். இல்லாவிட்டால் கரையில் நடந்து கயிறு கட்டி இழுப்பார்கள். லாரி வந்தது, படகு நின்றது. அப்புறம் யாரும் தூர் வாரவில்லை. நான் பார்த்ததெல்லாம் கோரையும் சேறும்தான்.

சுனாமிக்கு மறு வருஷம். உப்பளத்தில் ஏறிய சேற்றை நானும் மனைவியும் வாரிப் போடவே பாதிக் கோடை போய்விட்டது. விளைந்தது ஒரே ஒரு அம்பாரம். கரைமேல் குவித்துப் பனையோலையால் மூடினோம். அதை விற்றால்தான் குத்தகை கட்டி அடுத்த வருஷமும் பாத்தியில் இறங்க முடியும்.

ஐப்பசியில் மழை பிடித்தது. மண்பாதை அறுத்துக்கொண்டு போனது. வியாபாரியின் லாரி பாலத்தோடு நின்றுவிட்டது. அம்பாரத்தின் அடியைத் தண்ணீர் தொட்டது.

மனைவியின் அண்ணன் குப்பத்தில் ஒரு போட்டை இரவல் வாங்கி வந்தார்.

“கால்வா ரொம்பி நிக்குது மாப்ள. பாலம் வரைக்கும் கப்பலே போவும்.”

“மொதல்ல வெறும் போட்டை வுட்டுப் பாருண்ணா. அப்பறம் ஓலையப் பிரிக்கலாம்” என்றாள் மனைவி.

“நீ இன்னா கேப்டனா? சாக்கைப் புடி.”

மழை சற்று விட்டிருந்தது. ஓலையைப் பிரித்தேன். உச்சியில் இருந்துதான் பிரிக்க வேண்டும். உச்சி திறந்தால் முழுதும் திறந்த மாதிரி. நனைந்த உப்பின்மேல் ஓலை மறுபடி நிற்காது.

மூட்டைகளை ஏற்றிக் கோல் ஊன்றித் தள்ளினோம். வளைவில் போட் நின்றது. பார்க்கத்தான் தண்ணீர். கோலை விட்டால் முழங்கால்கூட இல்லை. சுனாமி தள்ளிய மணல் அடியில் மேடாகக் கிடந்தது.

“ரெண்டு மூட்டை எறக்கு மாப்ள.”

இறக்கினோம். இன்னும் இரண்டு. அசையவில்லை. மழை மறுபடி வந்தது.

திரும்பிப் பார்த்தேன். மனைவி அம்பாரத்தின்மேல் ஓலையைப் போட்டுக் குப்புறப் படுத்திருந்தாள். காற்று ஓலைகளை ஒவ்வொன்றாக எடுத்தது. ஓடிப்போய் நானும் பக்கத்தில் படுத்தேன்.

“எத்தினி நேரம் இப்படியே படுத்துக் கெடப்ப?” என்றேன்.

அவள் கையை நீட்டி இன்னொரு ஓலையைப் பிடித்து அடியில் செருகினாள்.

மழை விட்டபோது போட்டில் மூட்டைகள் கரைந்திருந்தன; அம்பாரம் இருந்த இடத்தில் சேற்று நிறத்தில் முழங்கால் உயரத்துக்கு ஏதோ கிடந்தது. வியாபாரி பாலத்தில் நின்றே பார்த்தார். லாரியைத் திருப்பச் சொன்னார்.

தையில் எங்கள் பாத்தியில் வேறொருவன் இறங்கினான். தரையை மிதித்துக் கெட்டிப்படுத்தக் கூலிக்கு ஆள் கேட்டான். நாங்கள் இருவரும் போனோம்.