பாராசூட்டில் தைத்த சட்டைகள்

நேற்று பேத்தி புது மழைக்கோட்டை உதறியபோது எழுந்த சரசரப்பு, என்னை ரிச்சர்ட்ஸ் டவுனில் இருந்த எங்கள் பழைய வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோய்விட்டது.

அப்போது எனக்கு எட்டு வயது. யுத்தம் முடிந்தும் துணிக்கு ரேஷன் கட்டுப்பாடு நீங்கவில்லை. அம்மா ஒரு குழந்தைக்குத்தான் சட்டை தைத்து வைத்திருந்தாள். பிறந்ததோ இரட்டைத் தம்பிகள்! மார்கழிக் குளிரில் ஒருவன் சட்டை போட்டிருந்தால், மற்றவன் அப்பாவின் பழைய வேட்டிக்குள் சுருண்டு கிடந்தான்.

ஒரு சாயங்காலம் அப்பா மிலிட்டரி ஏலத்திலிருந்து பெரிய மூட்டை ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். அவிழ்த்ததும் அது வெள்ளைவெளேரென்று முற்றம் முழுக்க விரிந்து கிணற்றையே மூடியது.

"என்னங்க இது, சர்க்கஸ் கூடாரமா?" என்றாள் அம்மா.

"பாராசூட்டு! கிழிஞ்சதுன்னு சல்லிசா தள்ளிவிட்டுட்டான்."

நான் அதற்குள் புகுந்து கத்திக்கொண்டே ஓடினேன். பட்டு கன்னத்தில் வழவழவென்று உரசியது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு கௌரம்மா ஓடிவந்தார்.

"எங்க பாப்பாவுக்கும் ஸ்வல்ப கிடைக்குமா?" என்று கன்னடம் கலந்து கொஞ்சம் துணி கேட்டார்.

"தெருவுக்கே கிடைக்கும். உங்க தையல் மிஷினைக் கொண்டாங்க அக்கா!" என்றாள் அம்மா.

இருவரும் துணியை இரண்டாக மடித்து, கதகதப்பான சட்டைகளாகத் தைத்துத் தள்ளினார்கள்.

ஞானஸ்நானத்தன்று சர்ச் வாசலில் காற்று வீசியதும் தம்பிகளின் சட்டைகள் புஸ்ஸென்று உப்பின.

"கெட்டியா பிடி, பறந்துடப் போறானுங்க!" என்று அப்பா கத்தினார்.

பிரசவத்துக்குப் பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.