மேடைக்கு வச்ச ரெண்டு வரிசை செங்கல்

அது தொண்ணூத்திரெண்டாம் வருஷம், மே மாசம். மேற்கு தாம்பரத்துல ஒரு பழைய ஓட்டு வீட்டை வாங்கி, குடி போறதுக்கு முன்னாடி சமையலறையை மட்டுமாவது சரி பண்ணிடலாம்னு நானும் என் வீட்டுக்காரரும் இறங்கியிருந்தோம். அந்த வீட்டை வாங்கினதுக்கு ரெண்டு காரணம். தாம்பரத்துல ரயில் ஏறினா பீச் வரைக்கும் உட்கார்ந்துக்கிட்டு ஆபீஸ் போகலாம், அது ஒண்ணு. இன்னொண்ணு, சொந்த வீடா இருந்தா சமையல் மேடையை நம்ம இஷ்டத்துக்குக் கட்டிக்கலாம். மேடைக்காகவா வீடு வாங்குவாங்கன்னு சிரிக்காதீங்க, எங்க கதை அப்படி.

எங்க வீட்டுல சமையல் அவர்தான். கல்யாணம் ஆன புதுசுல நான் செஞ்ச உப்புமாவை ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்தார். மூணாம் நாள் என் கையிலிருந்து கரண்டியை வாங்கினவர்தான், அப்புறம் திருப்பித் தரவே இல்லை. கல்யாணத்துக்கு முன்னாடி பல்லாவரத்துல நண்பர்களோட ரூம் எடுத்துத் தங்கி, சமைச்சுப் பழகின கை அது. அவருக்கு ஃபேக்டரியில மதியம் ஷிப்ட். காலையில எனக்கு டிபன் பாக்ஸ் கட்டி, ராத்திரிக்கும் சேர்த்து செஞ்சு மூடி வச்சுட்டுதான் வேலைக்குக் கிளம்புவார். எனக்கு அதுல வெட்கமும் இல்லை, அவருக்கு அதுல வருத்தமும் இல்லை. கதவைச் சாத்திக்கிட்டா நாங்க ராஜா ராணிதான்.

கதவைத் திறந்தாதான் கஷ்டம். குரோம்பேட்டையில நாங்க வாடகைக்கு இருந்த போர்ஷன்ல, சமையலறை ஜன்னல் வீட்டு ஓனரோட கிணத்தைப் பார்த்த மாதிரி இருக்கும். ஒருநாள் ஓனரம்மா தண்ணி சேந்திக்கிட்டே உள்ள எட்டிப் பார்த்துட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள தெரு முழுக்கப் பேச்சு, அந்த வீட்டுல ஆம்பளைதான் கரண்டி பிடிக்கிறாராம்னு. அது எப்படியோ ஃபேக்டரி வரைக்கும் போய், அங்கே அவரை "சமையல் மாமி"ன்னு கூப்பிட்டுக் கிண்டல் பண்ணியிருக்காங்க. அவர் சிரிச்சுக்கிட்டேதான் என்கிட்ட சொன்னார். ஆனா அன்னியிலேருந்து அந்த ஜன்னலை அக்னி நட்சத்திரத்துல கூட திறக்கிறதில்லை. யாராவது வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினா கரண்டி என் கைக்கு வந்துடும், அவர் கையில பேப்பர் ஏறிடும். வேர்த்து விறுவிறுத்து ஒரு மனுஷன் பேப்பர் படிக்கிறதை வந்தவங்க யாரும் ஏன்னு கேட்டதே இல்லை.

இதுல பெரிய சிக்கல் என் நாத்தனார். அவருக்கு மூத்த அக்கா, சிங்கப்பெருமாள் கோவில்ல இருந்தாங்க. அவர் சின்னப் பையனா இருக்கும்போதே அம்மா படுக்கையில விழுந்து, அப்படியே போயிட்டாங்க. அக்காதான் அவருக்கு அம்மா. மனசுல பட்டதைப் பட்டுனு சொல்லிடுற ரகம். ஒரு தடவை எங்க வீட்டு வத்தக்குழம்பைச் சாப்பிட்டுட்டு, அடுத்து வந்த ஒரு கல்யாணத்துல சொந்தக்காரங்க எல்லார் முன்னாடியும், என் தம்பி பொண்டாட்டி வேலைக்கும் போறா, குழம்பும் இப்படி வைக்கிறா, நீங்களும் இருக்கீங்களேன்னு மத்த மருமகள்களைப் பார்த்து ஒரு போடு போட்டாங்க. நான் தலையை ஆட்டிட்டேன். வேற என்ன பண்ணச் சொல்றீங்க? ஒரு தடவை ஆட்டின தலையை அப்புறம் நிறுத்தவே முடியல. அந்த மருமகள்கள் பல வருஷம் என்கூட முகம் கொடுத்தே பேசலைங்கிறது தனிக்கதை.

இதெல்லாம் விளையாட்டாதான் போய்க்கிட்டிருந்தது, அவர் முதுகு பிடிச்சுக்கிற வரைக்கும். அவர் நல்ல உயரம். நான் அவர் தோளுக்குக் கூட வர மாட்டேன். அந்த வாடகை வீட்டு மேடையோ என்னை மாதிரி ஆளுக்குக் கட்டினது. தினம் காலையில அதுல குனிஞ்சு குனிஞ்சு வேலை பார்த்து, ஒருநாள் குனிஞ்சவர் நிமிர முடியாம அப்படியே தரையில உட்கார்ந்துட்டார். டிஸ்க் விலகியிருக்குன்னு டாக்டர் சொன்னார். வாரக்கணக்கா பலகையில படுக்கை. இனிமே குனிஞ்சு நின்னு வேலை செய்யக் கூடாது, வெயிட் தூக்கக் கூடாது, இன்னொரு தடவை பிடிச்சா ஆபரேஷன்தான்னு கண்டிப்பா சொல்லி அனுப்பினாங்க. சமையலை நான் பார்த்துக்கிறேன்னு சொன்னேன். கேட்கிற ஆளா அவர்? முட்டியை மடக்கி, காலை அகட்டி நின்னு தாளிப்பார். பார்க்கிற எனக்கு அழுகையா வரும்.

அதனாலதான் சொந்த வீடு, அதனாலதான் மேடை.

வாங்கின வீட்டுல மேடையே கிடையாது. தரையில உட்கார்ந்து சமைக்கிற பழைய அடுப்பு, மேல புகைக்கூண்டு, சுவர் முழுக்க எத்தனையோ வருஷத்துக் கரி. ஞாயித்துக்கிழமை ஆனா ரெண்டு பேரும் கிளம்பி வந்துடுவோம். அவர் நின்னபடி மேல்சுவரைச் சுரண்டுவார், நான் உட்கார்ந்து கீழ்ச்சுவரைச் சுரண்டுவேன். முடிக்கும்போது ரெண்டு பேர் முகத்துலயும் கண்ணு மட்டும்தான் வெள்ளையா இருக்கும். எங்க கல்யாண வாழ்க்கையிலேயே நாங்க அதிகம் பேசிச் சிரிச்சது அந்தக் கரிச் சுவருக்கு முன்னாடிதான்.

சுவரைச் சுரண்டி வெள்ளை தெரிஞ்சதும் அவர் நேரா நின்னு, கரண்டி பிடிக்கிற மாதிரி கையை வச்சு, கை எங்க வருதோ அந்த இடத்துல பென்சிலால ஒரு கோடு போட்டார். மேஸ்திரிகிட்ட இந்தக் கோட்டைக் காட்டினா போதும், யாருக்கு எதுக்குன்னு அவர் கேட்கவா போறார்னு நினைச்சோம்.

மேடைக்குக் கல்லு வைக்கிற அன்னிக்கு எனக்கு லீவு கிடைக்கல. அவர் லீவு போட்டுட்டு இருந்தார். அடுத்த நாள் பால் காய்ச்சணும், அதுக்கு நாத்தனார்தான் முன்னாடி நிக்கணும்னு அக்காவும் காலையிலேயே வந்துட்டாங்க. அப்புறம் நடந்ததை அவர்தான் எனக்குச் சொன்னார். மேஸ்திரி அந்தக் கோட்டைப் பார்த்துட்டுச் சிரிச்சிருக்கார். இன்னா சார் இது, அம்மா ஸ்டூலு போட்டு ஏறி நின்னுக்கினா சமைப்பாங்கன்னு கேட்டிருக்கார். வூட்டுக்கார அம்மாவ நிக்க வச்சு இடுப்பு அளவு பாத்துதான் மேடை வைக்கிறது வழக்கம்னும் சொல்லியிருக்கார். அப்போ அக்கா முன்னால வந்து, அவளும் நானும் ஒரே உயரம்தான், என்னை வச்சு அளந்துக்கோங்கன்னு பெருமையா போய் நின்னுட்டாங்க. கோடு யார் போட்டதுன்னு அக்கா கேட்டதுக்கு இவர், நான்தான் தப்பா போட்டுட்டேன்னு சொல்லியிருக்கார்.

நான் சாயங்காலம் ரயில் இறங்கி நேரா அங்கேதான் போனேன். சித்தாள் கலவை சுமந்த பாண்டுச் சட்டி எல்லாத்தையும் கழுவிக்கிட்டிருந்தாங்க. மேஸ்திரி கை கால் கழுவப் போற நேரம். உள்ள நுழைஞ்சதும் பளபளன்னு கடப்பாக் கல்லு. அதுக்கு மேல, கிட்டத்தட்ட ஒரு சாண் உயரத்துல, சுவர்ல அந்தப் பென்சில் கோடு தனியா நின்னுது.

 அக்கா, வா வா, உனக்குன்னே அளந்த மாதிரி இருக்கு பாருன்னு கூப்பிட்டாங்க. போய் நின்னேன். உண்மைதான், எனக்கு அவ்வளவு கச்சிதம். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் பக்கத்துல வந்து, மெதுவா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, விடு பழகிடும்னார். சொல்லிக்கிட்டே, பழகிப் பார்க்கிற மாதிரி, முட்டியை லேசா மடக்கி அந்தக் கல்லு முன்னாடி நின்னார். வாடகை வீட்டுல நின்ன அதே நிலை. சொந்த வீட்டுலயும் அதுவே.

காலையில கலவை இறுகிடும். அப்புறம் இடிச்சாதான் உண்டு, இடிக்க அவர் விட மாட்டார். அக்கா முகத்தைப் பார்த்தேன், அவ்வளவு சந்தோஷமா இருந்தாங்க. சொன்னா அக்காவுக்கு என் மேல இருக்கிற மதிப்பு போயிடும். தம்பி மேல இருக்கிறதும் போயிடுமோ என்னமோ. நாளைக்குப் பால் காய்ச்சாமலே அடுத்த வண்டியில கிளம்பிடுவாங்க. இதெல்லாம் மனசுல ஓடுது. ஆனா மடங்கின அவர் முட்டியை விட்டு என் கண்ணு நகரவே இல்லை.

"மேஸ்திரி, இந்தக் கல்லை எடுத்துடுங்க. எங்க வீட்டுல சமைக்கிறது நான் இல்லை, அவர்தான். அவர் போட்ட கோட்டுக்கே வைங்க."

 அவர் தரையைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாங்க, தம்பியைப் பார்த்தாங்க, மறுபடி என்னைப் பார்த்தாங்க. அப்போ வத்தக்குழம்பு, அப்படின்னு ஆரம்பிச்சு நிறுத்திட்டாங்க. நான் அவரைக் கை காட்டினேன். மேஸ்திரி மட்டும்தான் சாதாரணமா இருந்தார். கல்லோட ஓரத்துல விரலை விட்டுக் கலவையை அழுத்திப் பார்த்துட்டுத் தலையைச் சொறிஞ்சார்.

"அத்த மொதல்லயே சொல்றதில்லையா சார்? கலவை இன்னும் ஈரமாத்தான் கீது. ரெண்டு வரிசை செங்கல்லு, அவ்ளோதான்."

அவ்ளோதான். தெருவுக்குப் பயந்து, சொந்தத்துக்குப் பயந்து, ஜன்னலைச் சாத்திக்கிட்டு வெந்துபோனோமே, அது அந்த மனுஷனுக்கு ரெண்டு வரிசை செங்கல். எனக்கு அந்த நேரத்துலயும் சிரிப்பு வந்துடுச்சு.

கல்லைத் தூக்க ஆள் வேணும்னார் மேஸ்திரி. பழக்கத்துல இவர் முன்னாடி போய்க் குனிஞ்சார். நான் வேண்டாம்னு சொல்றதுக்குள்ள, முந்தானையை இடுப்புல செருகிக்கிட்டு அக்கா வந்து அவர் தோளைப் பிடிச்சுத் தள்ளி விட்டாங்க. நீ தள்ளி நில்லு, உனக்கு முதுகு சரியில்லைன்னாங்க. மேஸ்திரி ஒரு முனை, சித்தாள் ஒரு முனை, அக்கா ஒரு முனை, நான் ஒரு முனை. அந்தக் கடப்பாக் கல்லு என்ன கனம்! இறக்கிச் சுவர்ல சாய்ச்சப்போ எங்க ரெண்டு பேர் புடவையிலயும் சிமெண்ட். 

மேஸ்திரி செங்கல் வைக்க ஆரம்பிச்சதும் நாங்க பின்பக்கம் போய், துவைக்கிற கல்லு மேல உட்கார்ந்து கையைக் கழுவினோம். திட்டுவாங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன். இத்தனை வருஷம் என்னை ஏமாத்தினியேன்னு கேட்டா காலைப் பிடிச்சுடலாம்னு கூட நினைச்சேன். அக்கா நகத்துல ஒட்டின சிமெண்டைச் சுரண்டிக்கிட்டே வேற எதையோ பேச ஆரம்பிச்சாங்க. அம்மா படுக்கையில விழுந்தப்போ அக்கா பத்தாவது படிச்சுக்கிட்டிருந்தாங்களாம். சமையல் தலையில விழுந்ததும் பள்ளிக்கூடம் நின்னுபோச்சு. இவர் அடுப்புக்கு முன்னாடி வந்து உட்கார்ந்துக்கிட்டு, நான் சாதம் வடிக்கிறேங்க்கா, நீ ஸ்கூலுக்குப் போன்னு தினமும் சொல்லுவாராம். ஆம்பளைப் புள்ளைக்கு அடுப்பங்கரையில என்ன வேலைன்னு அப்பா அதட்டுவார். அப்பா இல்லாத நேரத்துல அக்காவே அதையே சொல்லி அதட்டி விரட்டுவாங்களாம்.

 அப்புறம் சொன்னாங்க.

"அன்னிக்கு அவனை உள்ள விட்டிருந்தா, நான் பத்தாவது முடிச்சிருப்பேன்ல?"

 ஈரக் கையால அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டேன். உள்ள மேஸ்திரி செங்கல்லைத் தட்டுற சத்தம் மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தது.

மறுநாள் பால் காய்ச்ச, கல்லு இறுகணும்னு பம்ப் ஸ்டவ்வைத் தரையிலேயே வச்சோம். நாத்தனார் முறைக்கு அக்காதான் ஏத்தணும். தீப்பெட்டியை வாங்கினவங்க, தம்பி கையில கொடுத்து, நீயே காய்ச்சுடான்னுட்டுக் கூடத்துல போய் நாற்காலியில உட்கார்ந்துட்டாங்க. முதுகு வலிக்காம இருக்க அவர் ஒரு மணையைப் போட்டு உட்கார்ந்து காய்ச்சினார். வந்திருந்த சொந்தக்காரங்க முன்னாடியே அவர் காபி கலந்து கொண்டு வந்து நீட்ட, அக்கா உட்கார்ந்த இடத்துல வாங்கிக் குடிச்சாங்க. யாரோ ஒருத்தர் கிண்டலா ஏதோ ஆரம்பிச்சார். அக்கா டம்ளரை இறக்காமலே அவரை ஒரு பார்வை பார்த்தாங்க, அதோட சரி. புது வீட்டுச் சமையலறை ஜன்னலை நாங்க அப்புறம் சாத்தினதே இல்லை.

அடுத்த வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை சொல்லாம கொள்ளாம சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அக்கா வீட்டுக்குப் போனோம். கூடத்துல அவங்க பொண்ணு சுத்திலும் புத்தகத்தைப் பரப்பிக்கிட்டு கணக்குப் போட்டுக்கிட்டிருந்தா, எங்களைப் பார்த்து தலையை மட்டும் ஆட்டினா. உள்ள எட்டிப் பார்த்தா, அவளோட அண்ணன், மீசை முளைச்ச பையன், மூக்கை உறிஞ்சிக்கிட்டு வெங்காயம் நறுக்கிக்கிட்டிருந்தான். நான் வாயைப் பிளந்துக்கிட்டு நின்னேன். அக்கா அவங்க பாணியில பட்டுனு, என்ன பார்க்கிற, அவளுக்கு இந்த வருஷம் பத்தாவதுன்னாங்க.

எங்க வீட்டு மேடை இன்னும் அதே உயரத்துலதான் இருக்கு, அவர் இன்னும் நிமிர்ந்து நின்னுதான் தாளிக்கிறார். என்னிக்காவது அவருக்கு உடம்பு சரியில்லாம நான் ஒரு மணை மேல ஏறி நின்னு கஞ்சி வைக்கும்போது, அன்னிக்கு மேஸ்திரி வச்ச அந்த ரெண்டு வரிசை செங்கல் எங்க வீட்டுக்கு மட்டும் வச்சது இல்லைன்னு நினைச்சுக்குவேன்.